தொட்டுப் பார்க்க முடியாத கண்ணாடி

திருத்தணி மலைக்கோயில் ஜன்னலுக்குப் பின்னால் மறைந்த சிறிது நேரத்தில், ரேணிகுண்டா செல்லும் ரயிலில் பேச்சு மெல்ல நிறம் மாறுகிறது. தமிழில் தொடங்கும் வாக்கியம் தெலுங்கில் முடிகிறது. யாரும் அதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. திருப்பதிக்குப் போகிறவர்களின் பெட்டியில் நடுவழியில் புத்தூரில் இறங்கப்போகிறவர்களை அடையாளம் காண்பது எளிது. துணித் தூளியில் தொங்கும் ஒரு கை, அல்லது எதிர் இருக்கையில் நீட்டி வைத்த ஒரு கால். கூடவே, மடங்காமல் பத்திரமாகப் பிடித்திருக்கும் ஒரு பெரிய பழுப்பு உறை. உறைக்குள் இருப்பது எக்ஸ்ரே ஃபிலிம்.

1911 வரை புத்தூர் வட ஆற்காடு மாவட்டத்து ஊர். பிறகு சித்தூர் மாவட்டம். 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, புத்தூர் ஆந்திரத்தில் நின்றது. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மீண்டும் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. இத்தனை மாற்றங்களிலும் மாறாமல் நிற்பது நகரி மலை. அதன் உச்சியில் மூக்கு போல நீண்டிருக்கும் பாறையை அந்தக் காலத்தில் கடலில் வந்த மாலுமிகள் கரைக்கு அடையாளமாக வைத்திருந்தார்களாம்.

தமிழ்நாட்டில் புத்தூரைத் தெரியாதவர்கள்கூட 'புத்தூர் கட்டு' என்ற பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கட்டின் தாய்வீடு ஊரை ஒட்டிய ராச்சபாளையம். வேட்டைக்குப் போன ஒருவர் முயலைத் தழையில் சுற்றி வைத்தாராம், அதன் முறிந்த எலும்பு கூடியிருந்ததைக் கண்டாராம். வைத்தியம் இப்படித்தான் பிறந்தது என்று ஊரில் கதை சொல்கிறார்கள். பச்சிலை அரைப்பு, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. இவைதான் சரக்கு. ஆனால் உண்மையான கருவி வைத்தியரின் விரல்கள். தோலுக்கு மேலிருந்தே தடவி, எலும்பு எங்கே விலகியிருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு நொடியில் இழுத்துப் பொருத்துகிற விரல்கள்.

இந்த விரல்களின் மீது எனக்கு மதிப்பும் உண்டு, ஒரு மனத்தாங்கலும் உண்டு. பத்து வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கை முறிந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் 'புத்தூர் கட்டு' பலகை மாட்டியிருந்த ஒருவரிடம் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஊரும் பேரும் இப்போது வேண்டாம். அவர் தடவிப் பார்த்தார், இழுத்தார், "சேர்ந்துடுச்சு" என்று கட்டினார். எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது கை முழுதாக நீளவில்லை. இன்றுவரை நீளவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவர் விரலுக்கு எட்டிய அளவில் எலும்பு சேர்ந்துதான் இருந்தது. அதைச் சரிபார்க்க இரண்டாவது சாட்சி இல்லாமல் போனதுதான் பிழை.

நான் புத்தூருக்குப் போன அன்று ஒரு கட்டுச்சாலையில் உட்கார்ந்து பார்த்தேன். வைத்தியர் முதலில் ஃபிலிமை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகுதான் கையைத் தொட்டார். "விரலை ஆட்டு நைனா" என்றார். பையன் ஆட்டினான். மறுபடியும் ஒருமுறை ஃபிலிமைப் பார்த்தார். பரம்பரை விரலுக்குப் பக்கத்தில் இரண்டாவது சாட்சி வந்து உட்கார்ந்துவிட்டது. 1895 நவம்பரில் ஜெர்மனியில் ரான்ட்கன் கண்டுபிடித்த கதிர், ராச்சபாளையம் பாதையில் பழுப்பு உறைக்குள் தினமும் நடக்கிறது.

இதே கதிர் வானத்திலிருந்தும் வருகிறது. அதைப் பிடிக்கும் கருவி ஒன்று புறப்பட்ட இடமும் இங்கிருந்து அதிக தூரமில்லை.

புத்தூரிலிருந்து கிழக்கே நாராயணவனம், நாகலாபுரம், சத்தியவேடு என்று போனால் பாதை சூளூர்ப்பேட்டையில் முடியும். அதற்கப்பால் புலிக்காட் ஏரி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. 2022-க்கு முன் அது நெல்லூர் மாவட்டம். புதிய மாவட்டம் பிறந்தபோது எலும்பு கட்டும் ஊரும் ராக்கெட் விடும் தீவும் ஒரே கலெக்டரின் கீழ் வந்தன. 2015 செப்டம்பர் 28 காலை பத்து மணிக்கு அங்கிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறிய ஆஸ்ட்ரோசாட், வானியலுக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள். எடை சுமார் 1,515 கிலோ. தரையிலிருந்து 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும்படி நிறுத்தினார்கள். அதில் இருக்கும் கருவிகளில் ஒன்று, மும்பை கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் முன்னின்று செய்த மென் எக்ஸ்ரே தொலைநோக்கி. அதன் கேமராவுக்கு பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகம் கைகொடுத்தது.

உடம்பை ஊடுருவும் கதிரைப் பார்க்க ஏன் வானத்துக்குப் போக வேண்டும்? காரணம் காற்று. நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதையும் எடை போட்டால் பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். கையின் சதையை எளிதாகக் கடக்கும் கதிர் இந்தக் கனத்தைக் கடக்காது. நட்சத்திரங்களிலிருந்து வரும் எக்ஸ்ரே மேலேயே மாய்ந்துவிடுகிறது. நாம் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 1962 ஜூனில் அமெரிக்காவில் ரிக்கார்டோ ஜியக்கோனியின் குழு சில நிமிடமே பறக்கும் ஒரு ராக்கெட்டில் கருவியை அனுப்பியபோதுதான், சூரிய மண்டலத்துக்கு வெளியே விருச்சிக ராசியின் திசையில் எக்ஸ்ரே வீசும் ஒரு பொருள் இருப்பது தெரிந்தது. அந்தத் துறையின் தொடக்கத்துக்காக ஜியக்கோனிக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மேலே போனால் மட்டும் போதாது. கதிரை ஒரு புள்ளியில் குவிக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் நேராக விழும் எக்ஸ்ரே திரும்பி வராது. உள்ளே புகுந்துவிடும். ஆனால் குளத்தில் ஓட்டாஞ்சில்லைப் படுக்கை வாக்கில் வீசினால் மூழ்காமல் தத்திப் போகிறதல்லவா? அதுபோல மிக மிகச் சாய்வாக, பரப்பை உரசிக்கொண்டு வந்தால் எக்ஸ்ரேயும் தெறித்துப் போகும். ஆர்தர் காம்ப்டன் 1920களின் தொடக்கத்திலேயே இதைக் காட்டினார். இரண்டு வளைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் பிம்பமே கிடைக்கும் என்று 1952-இல் ஹான்ஸ் வோல்ட்டர் என்ற ஜெர்மானியர் கணக்குப் போட்டார்.

ஆகவே எக்ஸ்ரே தொலைநோக்கியின் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்காது. அடி இல்லாத செம்பு மாதிரி, இருபுறமும் திறந்த ஒரு குழாய். வாய் சற்று அகலம், முனை சற்றுக் குறுகல். கதிர் உட்சுவரை உரசிக்கொண்டு போகும். ஒரு குழாயின் விளிம்பில் சிக்கும் கதிர் கொஞ்சம்தான் என்பதால், வெங்காயத் தோல் போல ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழாய்களைச் செருகுவார்கள். ஆஸ்ட்ரோசாட்டில் நாற்பது அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் நான்கு கால்வட்டத் துண்டுகள். முன்னால் ஒரு தொகுதி, பின்னால் ஒரு தொகுதி. ஆக 320 கண்ணாடிகள். அவற்றில் கதிர் உரசும் கோணம் சுமார் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரிக்குள்தான்.

கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, மேலே போனது கண்ணாடி அல்ல. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனமுள்ள அலுமினியத் தகடு, அதன் மேல் தங்கப் பூச்சு. அலுமினியத் தகட்டை எவ்வளவு தேய்த்தாலும் எக்ஸ்ரேக்கு அது கரடுமுரடுதான். அங்கேதான் உண்மையான கண்ணாடி வருகிறது. மிக வழவழப்பான ஒரு கண்ணாடி உருளையின் மேல் முதலில் தங்கத்தைப் படியவைப்பார்கள். தகட்டில் மெல்லிய பசையைத் தெளித்து, காற்றில்லாத கலத்தில் தங்கத்தின் மேல் ஒட்டுவார்கள். பசை இறுகியதும் மெதுவாகப் பிரித்தால், தங்கம் கண்ணாடியை விட்டுத் தகட்டோடு வந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டியிருந்த தங்கத்தின் முகம் இப்போது வெளிமுகம். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே அதில் பதிந்திருக்கும். கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் அதுவும் பதிந்திருக்கும்.

எவ்வளவு வழவழப்பு வேண்டும்? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் ஐயாயிரம் ஆங்ஸ்ட்ராம். இந்தத் தொலைநோக்கி பிடிக்கும் கதிரின் அலைநீளம் நாற்பது ஆங்ஸ்ட்ராமிலிருந்து ஒன்றரை ஆங்ஸ்ட்ராம் வரை. கடைசி அளவு, கிட்டத்தட்ட ஓர் அணுவின் பருமன். ஆகவே பரப்பின் மேடுபள்ளமும் அணுக்கணக்கில்தான் இருக்க வேண்டும். இவற்றின் சொரசொரப்பு பத்து ஆங்ஸ்ட்ராமை ஒட்டியது. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணாடியைச் சென்னையிலிருந்து புத்தூர் வரை, சுமார் நூறு கிலோமீட்டருக்கு நீட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் திருத்தணி மலை இருக்கக்கூடாது, நகரி மூக்கு இருக்கக்கூடாது, தண்டவாளத்துச் சரளைக்கல்லும் இருக்கக்கூடாது. அந்த நூறு கிலோமீட்டரிலும் மேடுபள்ளம் ஒரு கேழ்வரகு மணி அளவோடு நின்றுவிட வேண்டும்.

இதை எப்படிச் சோதிப்பது? விரலால் தடவ முடியாது. தடவினால் விரலின் எண்ணெய்ப் பசையே பரப்பைக் கெடுத்துவிடும். கண்ணுக்கோ எல்லாமே பளபளப்புதான். சோதிப்பதில் இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு. ஒன்று வடிவம்: வளைவு கணக்குப்படி இருக்கிறதா? சாதாரண ஒளியையோ லேசரையோ அனுப்பி, அது எங்கே போய் விழுகிறது, எப்படிப் பட்டைகள் விழுகின்றன என்று பார்த்து இதை அளக்கலாம். மற்றொன்று சொரசொரப்பு. அதற்கு எக்ஸ்ரேயையே சாட்சிக்கு அழைக்க வேண்டும். ஊசி போன்ற ஒரு கதிரைப் பரப்பை உரசுமாறு விட்டு, கோணத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே, எவ்வளவு திரும்பி வருகிறது என்று எண்ணுவார்கள். நல்ல பரப்பில் அது ஒரு குறிப்பிட்ட கோணம்வரை தாக்குப்பிடித்து, பிறகு சரியும். சொரசொரப்பு கூடக்கூட, வரவேண்டிய கதிர் அங்குமிங்கும் சிதறிக் கணக்கில் துண்டு விழும். அந்தச் சரிவின் வடிவத்தைப் படித்தே மேடுபள்ளம் எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்று சொல்லிவிடலாம். இத்தகைய சோதனைக்கென்று இந்தூரில் உள்ள இண்டஸ்-1 என்ற ஒத்தியங்கு முடுக்கியில் தனி நிலையமே உண்டு.

எலும்பிலும் இப்படித்தான், விலகல் வேறு, கீறல் வேறு. விலகலைத் தேர்ந்த விரல் கண்டுபிடித்துவிடும். மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்காது.

பாதையில் நாகலாபுரத்தில் இறங்கினால் வேதநாராயண சுவாமி கோயில் இருக்கிறது. விஜயநகர காலத்துக் கோயில். மார்ச் மாதத்தில் சில நாட்கள் மாலைச் சூரியன் வாயில்களையெல்லாம் கடந்து கருவறைக்குள் நுழைகிறது. முதல் நாள் பாதத்தில், மறுநாள் நாபியில், மூன்றாம் நாள் சிரசில். கூட்டம் அலைமோதும் சூரிய பூஜை அது. கட்டியவர்களின் கணக்குச் சரிதானா என்பதை ஆண்டுக்கொரு முறை சூரியனே வந்து சோதித்துவிட்டுப் போகிறது என்றும் சொல்லலாம். கோயிலுக்கு அந்த வசதி உண்டு. விண்ணுக்குப் போகும் கண்ணாடிக்கு இல்லை. போவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹப்பிள் சாட்சி. 1990 ஏப்ரலில் மேலே போன அந்தத் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடி அபாரமான வழவழப்பு. ஆனால் விளிம்பு இரண்டு மைக்ரான் அளவுக்கு அதிகமாகத் தேய்ந்திருந்தது. தலைமுடியின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு. படங்கள் மங்கலாக வந்தன. விசாரித்தபோது, தவறு தேய்த்தவர்கள் கையில் இல்லை, சோதித்த கருவியில் இருந்தது தெரிந்தது. அதில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. அந்தக் கருவி சொன்னபடியே கண்ணாடியைத் துல்லியமாகத் தவறாகத் தேய்த்திருந்தார்கள். இதைவிட எளிய வேறு சோதனைகள் ஏதோ பிசகு என்று காட்டியிருந்தும், அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தினார்கள். ஹப்பிள் எட்டும் உயரத்தில் இருந்ததால் தப்பியது.

அந்த அவமானத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவின் பெரிய எக்ஸ்ரே தொலைநோக்கியின் முறை வந்தது. அதற்கு நான்கு ஜோடி அசல் கண்ணாடிக் குழாய்கள். வெளிக்குழாயின் விட்டம் 1.2 மீட்டர். ஹப்பிளின் கண்ணாடியைச் செய்த டான்பரி நகரத்து ஆலையே, கைமாறிப் புதிய பெயரில், இதையும் தேய்த்தது. நாடாளுமன்றம் இம்முறை நிபந்தனை போட்டது: முதல் ஜோடியைச் செய்து, நிஜ எக்ஸ்ரேயில் சோதித்துக் காட்டுங்கள், பிறகுதான் மேற்கொண்டு பணம். 1991-இல் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில்லில் அந்தச் சோதனை நடந்தது. நட்சத்திர ஒளி இணையாக வருவது. ஆய்வுக்கூடத்தில் அதைப் போலச் செய்ய வேண்டுமானால் விளக்கை வெகுதூரம் தள்ளி வைக்க வேண்டும். அதற்காக அரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்துக்குக் காற்றை உறிஞ்சிய குழாய் போட்டு, ஒரு முனையில் எக்ஸ்ரே விளக்கையும் மறுமுனையில் கண்ணாடியையும் வைத்தார்கள். தரையில் கண்ணாடி தன் எடையாலேயே சற்றுத் தொய்யும், விண்ணில் தொய்யாது. அந்த வித்தியாசத்தையும் கணக்கில் கழித்தார்கள். முதல் ஜோடி தேறியது. முழுத் தொகுதியும் இரிடியம் பூச்சோடு 1996 டிசம்பரிலிருந்து 1997 வரை மீண்டும் அதே குழாயின் முன் நின்றது.

1999 ஜூலை 23 அன்று அது மேலே போனபோது அதன் பெயர் சந்திரா. சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரை நண்பர்கள் அழைத்த பெயர். நட்சத்திரத்தின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது கணக்குப் போட்ட இருபது வயது கூட நிரம்பாத இளைஞர். 1983-இல் நோபல் பரிசு பெற்றார். 1995-இல் மறைந்ததால் தன் பெயர் வைத்த தொலைநோக்கியைப் பார்க்கவில்லை. அந்தத் தொலைநோக்கி அதிகாரபூர்வமாக வெளியிட்ட முதல் படம், வெடித்துச் சிதறிய காசியோப்பியா-ஏ என்ற நட்சத்திரத்தின் மிச்சம். அதன் நடுவே அதுவரை யாரும் பார்த்திராத ஒரு பிரகாசமான புள்ளி. ஒடுங்கிப்போன நட்சத்திரத்தின் உள்ளீடு. நிலவுக்குப் போகும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்வரும் பாதையில் சந்திரா சுற்றுகிறது. அங்கே போய் யாரும் திருத்த முடியாது. திருத்த வேண்டிய தேவையும் வரவில்லை.

இரண்டையும் ஒப்பிட்டால் நம்முடையதன் குறையை மறைக்க வேண்டியதில்லை. பத்து கிலோமீட்டர் தூரத்து ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தைச் சந்திரா பிரித்தறியும். ஆஸ்ட்ரோசாட்டின் எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு அந்த நாணயம் நாற்பது மீட்டருக்குள் இருக்க வேண்டும். கனமான கண்ணாடியைத் தேய்த்துச் செய்வதற்கும் இலேசான தகட்டில் பதித்து எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. சந்திராவின் கண்ணாடிகள் மட்டுமே ஏறக்குறைய ஒரு டன் என்றால், அது இங்கே முழு செயற்கைக்கோளின் எடையில் பெரும்பகுதி. ஆனால் ஆஸ்ட்ரோசாட்டின் வேலை கூர்மையான படம் எடுப்பது அல்ல. ஒரே பொருளைப் புறஊதாவிலும் எக்ஸ்ரேயிலும் ஒரே நேரத்தில் கவனிப்பது. புறப்பட்ட பிறகும் அவசரப்படவில்லை. செயற்கைக்கோளிலிருந்தே கசியும் ஆவி கண்ணாடியில் படியக்கூடாது என்று கதவுகளை ஏறத்தாழ ஒரு மாதம் மூடியே வைத்திருந்தார்கள். 2015 அக்டோபர் 26 அன்று கேமராவின் கதவு திறந்தது. முதலில் தெரிந்தது ஒரு தொலைதூர விண்மீன்திரளின் மையம். ஐந்தாண்டு உழைக்கும் என்று அனுப்பிய ஆஸ்ட்ரோசாட், 2025 செப்டம்பரில் பத்தாண்டைத் தாண்டியது.

இத்தனையும் யோசித்துக்கொண்டு புத்தூருக்குத் திரும்பினால், ராச்சபாளையம் பாதையில் நிற்கும் வண்டிகள் வேறு மாதிரி தெரிகின்றன. விரலா, கருவியா என்று நம் ஊரில் அடிக்கடி சண்டை போடுகிறோம். டான்பரியில் தோற்றது கருவி. என் முழங்கையில் தோற்றது விரல். இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான். ஒரே சாட்சியை நம்பி, இன்னொரு சாட்சியைக் கூப்பிடாமல் விட்டார்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலோ, கட்டியபின் விரல் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ கட்டு எவ்வளவு பேர்பெற்றதானாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதும் அந்த இரண்டாவது சாட்சியின் பேச்சுதான்.

மாலை வண்டிக்காக ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்ட்ரோசாட் புத்தூரின் தலைக்கு மேல் வராது. பூமத்திய ரேகையை ஒட்டிய பாதை அதற்கு. வடக்கே இலங்கையின் தென்முனை வரைதான் எட்டும். பக்கத்தில் புதுக்கட்டுப் போட்ட பேரனோடு ஒரு பெரியவர். உறையிலிருந்து ஃபிலிமை உருவி, நகரி மலைப் பக்கத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பிப் பிடித்து இன்னொரு முறையும் பார்த்துக்கொண்டார். வண்டி வந்துவிட்டது.